கோல் கணக்கில் சேராது

எனக்கு நடந்த அநியாயங்களை நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன். ஒழுங்கு தவறினால் அநியாயத்தின் கனம் குறைந்துவிடும். துண்டுப்பிரசுரம் எழுதியே முதுகு வளைந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

முதலாவது அநியாயம், எண்பத்திரண்டாம் ஆண்டின் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. எங்கள் நங்கூரம் விளையாட்டுக் கழகத்தில் நான் ஸ்டொப்பர். அதாவது எங்கள் கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனையெல்லாம் மறிக்கிற வேலை. அன்று பின்னேரம் முழுவதும் மறித்தேன். நெஞ்சால் மறித்தேன். முழங்காலால் மறித்தேன். ஒரு தடவை முகத்தால் மறித்தேன். எங்கள் முன்வரிசையில் ஒரு மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடற்காற்று வாங்கினார். கடைசியில் ஒரு பந்து தானாக உருண்டு அவருடைய காலடிக்குப் போனது. தட்டினார். கோல். கிண்ணம் கழகத்துக்கு, மாலை அவருக்கு. பத்திரிகையில் படம் போட்டார்கள். கீழே அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. அதன் பிறகு, "அருகில் மற்றும் பலர்." அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிகிறது. அது என்னுடையது.

இரண்டாவது, அந்தக் கோலைக் காட்டி அவர் துறைமுகத்தில் மேற்பார்வையாளர் ஆனார். நானும் அதே துறைமுகத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அடித்தவருக்கு மேசை. மறித்தவனுக்கு மூட்டை.

மூன்றாவது, மூட்டை தூக்கினவர்களின் வேலைநிறுத்தம். கோரிக்கை எழுதியவன் நான். பிரசுரம் அடித்தவன் நான். கோதுமை மாவில் பசை காய்ச்சிச் சுவர் சுவராக ஒட்டியவனும் நான். எங்கள் ஊரில் வீதிக்கு வீதி மான் திரியும். மாப்பசை என்றால் அவற்றுக்கு உயிர். என்னுடைய அரசியலை முழுமையாக உட்கொண்டவை இன்றுவரை அந்த மான்கள் மட்டும்தான். நாங்கள் வெயிலில் நின்றோம், பொல்லடி வாங்கினோம். கடைசி நாள் அந்த மனிதர் மடிப்புக் குலையாத சேட்டோடு வந்து அதிகாரிகளுடன் ஒரு தேத்தண்ணி குடித்தார். கோரிக்கை வென்றது. மாலை அவருக்கு. மறுபடி படம். மறுபடி மற்றும் பலர்.

நான்காவது, நான் அவருடைய தங்கையைக் கட்டினேன். இதை முழு அநியாயம் என்று எழுத ஏலாது. அவள் இதை வாசிப்பாள். ஆனால் அன்றிலிருந்து ஊருக்கு நான் தம்பையா இல்லை, இன்னாருடைய மச்சான். என்னுடைய கல்யாண அல்பத்திலேயே எல்லாப் படத்திலும் நடுவில் நிற்பவர் அவர்தான். மணவறைப் படத்தில் நான் கொஞ்சம் ஓரமாகத் தெரிகிறேன்.

அந்த அல்பம் வீட்டுக்கு வந்த நாளில் ஒரு தீர்மானம் எடுத்தேன். இனி அந்த மனிதரின் பெயர் என் வாயால் வராது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். ஏகமனதாக நிறைவேறியது. அன்றிலிருந்து வீட்டிலும் வெளியிலும் அவர் "அந்த மனிதர்". இங்கேயும் அப்படித்தான்.

ஐந்தாவது அநியாயம் சென்ற மாதம் நடந்தது. என் ஒரே மகள் ஜெயரூபி, அந்த மனிதரின் மகன் பிரவீனனைத்தான் கட்டுவேன் என்றாள்.

முறைக்கு அவளுக்கு அவன் மச்சான். பிறந்த நாளிலிருந்தே எனக்கு மருமகன். முறையை நான் எதிர்க்கவில்லை. அவன் நிற்கிற இடத்தைத்தான் எதிர்த்தேன். அவனும் நங்கூரம் கழகத்துக்குத்தான் விளையாடுகிறான். தகப்பன் நின்ற அதே முன்வரிசை. தகப்பனைப் போலவே இடுப்பில் கை.

அதே கிழமை கழகத் தலைவர் முனீப் வீடு தேடி வந்தார். சந்தையில் புடவைக்கடை வைத்திருக்கிற நல்ல மனிதர். எதையும் அளந்து பார்க்காமல் பேசமாட்டார்.

"தம்பையா அண்ணன், இந்த வருசம் இறுதிப் போட்டியில நம்மட கழகத்துச் சிறந்த வீரரை நீங்கதான் தெரிவுசெய்யணும்."

"போன வருசம் செய்தவர் எங்கை?"

"அவர் இப்ப கந்தளாயில மகள்ட வீட்டோட இருக்கார். மைதானத்துப் பக்கம் வாறதில்ல."

"நான் செய்யிறதெண்டால் என்ர கணக்குப்படிதான் செய்வன்."

"செய்யுங்க. டிவியிலயும் இப்ப கணக்குத்தானே. ஆர் எவ்வளவு நேரம் பந்து வெச்சிருந்தாங்க எண்டெல்லாம் போடுறாங்க."

"வைத்திருக்கிறது முதலாளியின்ர கணக்கு. அது வேண்டாம்."

"அப்ப எவ்வளவு தூரம் ஓடினாங்க எண்டு?"

"பஸ்ஸைக் கண்டால் நாயும் ஓடும், முனீப். ஓடி என்ன செய்தவன் எண்டதுதான் கேள்வி."

"இன்னொண்டும் இரிக்கி. எதிர்பார்த்த கோல் எண்டு. நின்ற இடத்தப் பார்த்து, அடிச்சிருக்கலாம் எண்டு ஒரு கணக்கு."

"அடிச்ச கோலையே நான் சேர்க்கப்போறதில்லை. அடிக்காத கோலுக்குப் புள்ளியா?"

முனீப் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கோல் சேராதா?"

"சேராது. கோல் விளைவு. உழைப்பு வேறை."

அவர், "நீங்க சொன்னாச் சரி அண்ணன்," என்றார். வேறு ஆள் கிடைக்காதவர்கள் பேசுகிற மாதிரிப் பேசினார். அதை நான் பொருட்படுத்தவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு மைக் என் கைக்கு வருகிறது.

எங்கள் வீட்டில் எந்த முடிவும் கூட்டம் வைத்துத்தான் எடுக்கப்படும். ஊருக்கு ஜனநாயகம் கேட்டவன் வீட்டில் அதை மறுத்தான் என்ற பழி எனக்கு வேண்டாம். தலைவர் நான். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் தலைவருக்கு வாக்கு. மற்ற உறுப்பினர்கள் இரண்டு பேர்: மனைவி யோகம்மா, மகள் ஜெயரூபி. அவர்கள் எதிரெதிராக வாக்களித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகையால் என்னுடைய வாக்கும் இன்றுவரை புத்தம் புதிதாக இருக்கிறது.

அன்று கூட்டம் குசினியில் நடந்தது. யோகம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"பெடியனில என்ன பிழை?" என்றாள்.

"முன்வரிசைக்காரன்."

"உதொரு பிழையோ?"

"பத்துப் பேர் உழைக்க ஒருத்தன் பேர் எடுக்கிறான். உதுக்குப் பேர் சுரண்டல்."

"அப்பா, அவர் தண்ணிக் கந்தோரில வேலை செய்யிறார்," என்றாள் மகள். "ஆரையும் சுரண்டேல்ல."

"மைதானத்தில என்ன செய்யிறான்?"

"கோல் அடிக்கிறார்."

"அதைத்தான் சொல்றன். மற்ற நேரம் என்ன செய்யிறான்?"

மகள் யோசித்தாள். "நிக்கிறார்," என்றாள்.

யோகம்மா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அப்ப ஒருத்தன்ர உழைப்பை எப்பிடி அளக்கிறது?"

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எழுந்து நின்று விளக்கினேன். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்தால் ஒரு கோடு. வருகிற பந்தை மறித்தால் ஒரு கோடு. தங்கள் ஆளுக்குச் சரியாகக் கொடுத்தால் ஒரு கோடு. இழந்த பந்தைத் திருப்பி மீட்டால் ஒரு கோடு. கோலுக்குப் பூச்சியம். எல்லாம் மைதான ஓரத்தில் பெரிய கரும்பலகையில், எல்லோருக்கும் தெரியப் போடப்படும். ஒளிவு மறைவு இல்லை. போட்டி தொடங்கிய பிறகு சட்டத்தை யாரும் மாற்ற ஏலாது. முடிவில், தெரிவானவனின் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு மைக்கில் வாசிக்கப்படும். இனி இந்தக் கழகத்தில் ஒருவனும் மற்றும் பலர் ஆகக் கூடாது.

"நல்ல சட்டம்," என்றாள் யோகம்மா. "உங்கட கணக்கில பிரவீனன் முதலாவதா வந்தா?"

"அவனோ?"

"வந்தா எண்டுதான் கேக்கிறன்."

"வந்தால், அதே மைக்கில அவன்ர பேரை வாசிச்சு, அதே மைக்கில கலியாணத்துக்குச் சம்மதமும் சொல்லுவன். வராட்டில் இந்தக் கதை இந்த வீட்டில இனி இல்லை. தீர்மானம்."

"வழிமொழியிறன்," என்றாள்.

கட்டின நாளிலிருந்து என்னுடைய ஒரு தீர்மானத்தையும் வழிமொழியாதவள். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். மகள் மட்டும் தாயை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

அடுத்த கிழமை வெருகல் கோயில் திருவிழா. யோகம்மாவின் தமக்கை அங்கேதான் இருக்கிறாள். வழக்கமாக ஒரு நாள் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறவள், இந்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு, கொடி இறங்குமட்டும் நிற்கப்போவதாகச் சொன்னாள்.

"சாப்பாடு?" என்றேன்.

"போராட்டப் பந்தலில நூறு பேருக்குச் சமைச்சனீங்கள் எண்டு சொல்லுவியள்தானே."

உண்மைதான். சமையல் எனக்கு வரும். துணி துவைக்க வரும். கூட்டவும் வரும். சொல்லப்போனால், வீட்டில் அவள் செய்கிற வேலையை நான் எப்போதோ எண்ணிப் பார்த்திருக்கிறேன். காலையில் ஓடியாடி எல்லாம் முடித்துவிடுவாள். பிறகு பகலில் பாதி நேரம் முன்வாசல் பிளாஸ்டிக் கதிரையில் போனோடு குந்தியிருப்பாள். என் கணக்கில் அந்த நேரத்துக்குக் கோடு இல்லை.

அவள் போன முதல் நாளே மான் வந்தது. பயற்றங்கொடி முழுவதையும் தின்றது. நான் வீட்டில் இல்லாமல் இல்லை. அதே கதிரையில், அதே இடத்தில், நான்தான் இருந்தேன். கையைத் தட்டினேன். மான் என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. பழைய வாசகன் என்ற உரிமையாக இருக்கலாம்.

பிறகு மீன்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"பாரை இண்டைக்குப் பிடிச்சதோ?" என்றேன்.

"அக்கா நிக்கிறாவோ?"

"வெருகலுக்குப் போட்டா."

"அப்ப இண்டைக்குப் பிடிச்சதுதான் ஐயா."

அந்த மீனைப் பூனையும் மோந்து பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் ஏணியை இரவல் கேட்டார். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணிக் குழாயைக் கேட்டார். கொடுத்தேன். நான் பொதுவுடைமைக்காரன். அடுத்து என்னுடைய பழைய தோழர்கள் மூன்று பேர் வந்தார்கள். வருடக் கணக்காக என் வீட்டுப் படி மிதியாதவர்கள். சீனி முடியும்வரை உலக நிலைமை பேசினார்கள். போகும்போது ஒருவர், "இனி அடிக்கடி வரலாம்போல," என்றார். ஏன் இவ்வளவு காலமும் வரவில்லை என்று கேட்டேன். கதிரையைக் காட்டினார்.

வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. அவள் அந்தக் கதிரையில் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் அவள் இருந்ததால்தான் மான் உள்ளே வரவில்லை, மீன் நாறவில்லை, ஏணி வீட்டில் நின்றது. வேலைநிறுத்தத்துக்கு நானே எழுதிய பிரசுரத்தின் முதல் வரி ஞாபகம் வந்தது: "கை ஓய்ந்த நாளில்தான் உழைப்பின் நிறை தெரியும்." அந்த வரியை எழுதியவனுக்கே அது ஒரு புள்ளிவிபரம் என்று இவ்வளவு காலமும் தெரியவில்லை.

உடனே முனீப்பின் கடைக்குப் போனேன்.

"இன்னொரு சட்டம் சேர்க்கவேணும். விளையாடிக்கொண்டிருக்கிற ஒருத்தன் வெளியில போயிருக்கிற நேரத்தில அணி கோல் வாங்கினால், ஒவ்வொரு கோலுக்கும் அவனுக்கு இருபது கோடு."

"வெளிய இரிக்கிறவருக்கா? உள்ளுக்கு நிக்கிறவருக்கு இல்லயா?"

"வேலைநிறுத்தத்தில நாங்கள் எங்கை நிண்டனாங்கள்? வெளியிலதான். அதிலதான் எங்கட பெறுமதி தெரிஞ்சது."

முனீப் சீலையை மடித்துக்கொண்டே, "இது ஆருக்கு வாய்ப்பு அண்ணன்?" என்றார். கடைக்காரர் இல்லையா.

நான் மறைக்கவில்லை. என் மனதில் இருந்தவன் சஜீத். எங்கள் இன்றைய ஸ்டொப்பர். அரையிறுதியில் நெற்றி பிளந்து அவன் வெளியே போனபோது எங்கள் பின்வரிசை கூரை இல்லாத வீடு மாதிரி ஆனது. அடுத்தடுத்து இரண்டு கோல் விழுந்தது. முன்வரிசையில் இடுப்பில் கை வைத்து நிற்கிறவன் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? காற்றுக்குத்தான் தெரியும்.

யோகம்மா திரும்பி வந்தாள். வாசலில் நின்று மொட்டைப் பயற்றங்கொடியைப் பார்த்தாள்.

"மான் வந்ததோ?"

"வந்தது."

"நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"கதிரையில."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து அதே கதிரையில் இருந்தாள். ஏணி பின்னேரத்துக்குள் தானாகத் திரும்பி வந்தது.

நான் என் புதிய கண்டுபிடிப்பைச் சொன்னேன். அது எப்படித் தோன்றியது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு தலைவர் தன்னுடைய மூலங்களை வெளியிட வேண்டிய அவசியம் இல்லை.

"உங்களுக்கு மட்டும்தான் உப்பிடி யோசிக்க வரும்," என்றாள்.

"நாற்பது வருசப் போராட்டம் சும்மாவோ?"

"அப்ப உதையும் பலகையில எழுதிப்போடுங்கோ. எழுதாட்டில் பிறகு ஆரும் மாத்திப்போடுவினம்."

யாரோ மாற்றிவிடுவார்கள் என்று அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். கரும்பலகையில், வெள்ளைப் பெயின்டில், அழியாதபடி எழுதினேன்.

இறுதிப் போட்டி உட்துறைமுகத்துப் பக்கத்து மைதானத்தில். எதிரே கிண்ணியாவிலிருந்து வந்த அணி. சனம் மதிலிலும் மரத்திலும் இருந்தது. பலகைக்குப் பக்கத்தில் நான். துறைமுகத்தில் மூட்டை எண்ணிய அதே முறை: நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. யார் என்ன செய்தார் என்று முனீப் சொல்லச் சொல்ல நான் போட்டேன். முன்வரிசைக் கதிரையில் அந்த மனிதர் கைத்தடியோடு இருந்தார். இப்போது அவருக்குக் காது மந்தம். பக்கத்தில் யோகம்மா, மடியில் ஒரு பை தோடம்பழம். அதற்கும் பக்கத்தில் மகள், நகத்தைக் கடித்துக்கொண்டு.

முதல் பாதி எனக்குத் திருவிழா. சஜீத்தின் பெயருக்குக் கீழே, கப்பல் வந்த நாள் மாதிரிக் கோடுகள் குவிந்தன. பிரவீனனின் பெயருக்குக் கீழே மூன்று கோடு. அதில் ஒன்று முனீப் இரக்கப்பட்டுச் சொன்னது. அவன் முன்னால் நின்றான். கிண்ணியாவின் பின்வரிசைக்காரர் இரண்டு பேர், மாப்பிள்ளைத் தோழர் மாதிரி, இரண்டு பக்கமும் அவனை ஒட்டி நின்றார்கள். மூன்று பேருக்கும் வேலை இல்லை. இடைவேளைவரை யாரும் கோல் அடிக்கவில்லை. நான் முனீப்பிடம், "கணக்கு முடிஞ்சுது," என்றேன்.

இரண்டாம் பாதி தொடங்கியது. பிரவீனனைக் காணவில்லை. பார்த்தால், யோகம்மாவின் காலடியில் புல்லில் இருக்கிறான். ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தான். கால் சுளுக்காம். அவனுக்குப் பதிலாக வேறொருவனை இறக்கியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் போட்டிகளில் வெளியே போனவன் சுகமானால் திரும்பி வரலாம். யோகம்மா தோடம்பழம் உரித்து ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தாள். இருந்த மூன்று கோட்டோடு ஆள் முடிந்தான் என்று எனக்கு அடக்க முடியாத சந்தோசம்.

கிண்ணியாவின் அந்த இரண்டு தோழர்களும் சுற்றிப் பார்த்தார்கள். காவல் காக்க ஆள் இல்லை. புதிதாக வந்தவனைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை. ஒருவன் மெல்ல முன்னால் நடந்தான். மற்றவனும் நடந்தான். பிறகு ஓடினார்கள். இதுவரை இரண்டு பேரை மறித்த சஜீத் இப்போது நாலு பேரை மறித்தான். நெஞ்சால் மறித்தான். முழங்காலால் மறித்தான். முகத்தால் மறித்தான். அந்த முகம் எனக்குத் தெரியும். பந்து அவனைத் தாண்டிப் போனது.

"அண்ணன்," என்றார் முனீப். "இருபது."

"ஆருக்கு?"

"தோடம்பழம் திங்கிறவருக்கு."

போட்டேன். நாலு நேர், ஒன்று குறுக்கு. இருபது கோடு போட நேரம் எடுக்கும். நான் முடிக்கமுன் இரண்டாவது கோலும் விழுந்தது. மறுபடி இருபது. பிரவீனனின் பெயருக்குக் கீழே இடம் போதாமல் பக்கத்து வீரனின் இடத்திலும் போட்டேன்.

சோக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். மைதானத்தில் எல்லோரும் தலையில் கை வைத்திருக்க, யோகம்மா மட்டும் என் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சஜீத்தின் கோடுகளையும் எண்ணினாள், பிரவீனனின் கோடுகளையும் எண்ணினாள். திருப்தி. குனிந்து மருமகனிடம் ஏதோ சொன்னாள். அவன் சப்பாத்தைப் போட்டான், வாரைக் கட்டினான், நொண்டாமல் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றான். இடுப்பில் கை வைத்தான்.

இரண்டு தோழர்களும் விழுந்தடித்துக்கொண்டு அவனிடம் திரும்பி ஓடினார்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் மூன்று கோல் அடித்தார்கள். சஜீத்தே முன்னால் போய்த் தலையால் ஒன்று போட்டான். பிரவீனன் ஒரு கோலும் அடிக்கவில்லை. பந்தைத் தொட்டதும் குறைவு. வெறுமனே நின்றான். கோலைக் காட்டி அவனை மறுக்கக்கூட எனக்கு வழி இல்லாமல் செய்துவிட்டார்கள். கிண்ணம் எங்களுக்கு.

முனீப்பிடம் மெதுவாகச் சொன்னேன்: "சஜீத்துக்குக் குடுப்பம். அவன்தான் உழைச்சவன்."

"அவருக்குக் கூட்டினா நாப்பதும் வரல்லயே அண்ணன். வெளிய இரிந்தவருக்கு நாப்பத்தி மூணு."

"நாங்கள் வாங்கின அந்த ரெண்டு கோலுக்கு சஜீத்துக்கும் ஏதாவது போடலாம்."

"அவர் ஒரு நிமிசமும் வெளிய போகல்லயே. உங்கட சட்டத்துல போனவருக்குத்தான் இரிக்கி." பலகையைக் காட்டினார். வெள்ளைப் பெயின்ட்.

ஓயாமல் நின்றவனுக்கு என்னுடைய சட்டத்திலேயே இடம் இல்லை. இதை ஒரு முதலாளி எழுதியிருந்தால் அன்றைக்கே பிரசுரம் அடித்திருப்பேன்.

பிரவீனன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"கால் சுகமோ?" என்றேன்.

"மாமி தோடம்பழம் தந்தவா, மாமா."

யோகம்மாவிடம் போனேன். "உது சதி."

"வேலைநிறுத்தம்," என்றாள். "நீங்கள் செய்தால் வேலைநிறுத்தம், நாங்கள் செய்தால் சதியோ?"

"வெருகலுக்குப் போனது?"

"கும்பிடத்தான் போனனான். மிச்ச நாள் வேலைநிறுத்தம். நான் வாயால சொன்னால் நீங்கள் சட்டத்தில சேர்ப்பியளோ? நீங்களாக் கண்டுபிடிச்சால்தான் பெயின்டில எழுதுவியள்."

அவள் தோடம்பழத் தோலைப் பைக்குள் போட்டாள்.

"எண்பத்திரண்டிலயும் நான் இதே மைதானத்தில நிண்டு பாத்தனான். அண்ணன் முன்னுக்கு நிண்டபடியால் மற்றப் பக்கத்தில ரெண்டு பேர் அசையேல்ல. அவரும் வெளியில போயிருந்தால் நாலு பேர் உங்களிட்ட வந்திருப்பினம். உங்கட முகத்தில ஒருக்காத்தான் பட்டது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு."

இதற்கு என்னிடம் ஒரு மறுப்பு உண்டு. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"போங்கோ," என்றாள். "மைக் காத்துக்கொண்டு நிக்குது."

போனேன். கலியாணத்துக்குச் சம்மதம் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையைக் கொடுக்கிற கதை, அது லேசாகவே வந்தது. மகள் முகத்தை மூடிக்கொண்டாள். பெயர்தான் வாய்க்கு வரவில்லை.

"இந்த ஆண்டின் சிறந்த வீரர்," என்றேன். "பிரவீனன்."

"முழுப்பேர்," என்றாள் யோகம்மா கதிரையில் இருந்தபடியே. அவளுக்கு மைக் தேவையில்லை. "தகப்பன்ர பேரோட. உங்கட சட்டம்."

"ஆளைத்தான் எல்லாருக்கும் தெரியுமே," என்றேன்.

"அப்ப மற்றும் பலர் எண்டு சொல்லுங்கோவன்."

சனம் சிரித்தது. பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர், "ஐயா, கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ, பின்னால அந்தப் பெரியவர் மறையுறார்," என்றார். அரக்கி நின்றேன். எனக்கு அது பழக்கம்.

வாசித்தேன். சரியாக அந்த நேரத்தில் மைக் கீச்சிட்டது. பெயர் அதற்குள் போய் ஒளிந்துகொண்டது. தப்பினேன் என்று மூச்சு விட்டேன். அந்த மனிதர் காதில் கையைக் குவித்துக்கொண்டு தங்கையின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார்.

"அண்ணனுக்குக் கேக்கேல்லையாம்," என்றாள் யோகம்மா. "இன்னொருக்கா. சத்தமா."

ஆறாவது அநியாயம் என்று மனதில் இலக்கம் போட்டுக்கொண்டேன். முனீப் சாட்சி, கிண்ணியா அணி சாட்சி, மதிலில் இருந்த சனம் சாட்சி, மதிலுக்கு வெளியே நான் பசை போட்டு ஒட்டிய போட்டி விளம்பரத்தைத் தின்றுகொண்டிருந்த இரண்டு மான்கள் சாட்சி. வாயைத் திறந்து, துறைமுகம்வரை கேட்க, வாசித்தேன்:

"நவரெத்தினசிங்கம் பிரவீனன்."